ராட்டினமும் திருத்தேரும்

கொல்லிமலையின் அடிவாரத்தில், சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளிக்குச் செல்லும் சாலையில் அமைந்திருப்பது காளப்பநாயக்கன்பட்டி என்னும் பேரூர். மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் இவ்வூரும் இதைச் சுற்றிய சிற்றூர்களும் புதுக்கோலம் கொள்கின்றன. வேம்பு பூக்கிறது. புளிய மரங்களை உலுக்கிப் பழம் திரட்டும் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வருவோர், மேலே பலாப்பிஞ்சு திரளத் தொடங்கிவிட்டதெனச் செய்தி சொல்கின்றனர். வயலில் வேலை குறைந்து, கையில் சிறிது பணமும் மனத்தில் சிறிது ஓய்வும் வாய்க்கும் காலம் இது. சாஸ்திரக் கணக்கில் சித்திரையும் வைகாசியுமே வஸந்த ருது எனப்படும். ஆயினும் குடியானவனுடைய வஸந்தம் பங்குனியிலேயே பிறந்துவிடுகிறது. அதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டுவதில்லை.

அம்மன் கோயில்களில் கம்பம் நட்டு, அதனைச் சுற்றி இளைஞர்கள் ஆடுகின்றனர். தெருக்கூத்துக்கு நாள் குறிக்கப்படுகிறது. நாமக்கல்லிலோ, குடைவரையில் எழுந்தருளியிருக்கும் நரசிம்மர், மலையின் மறுபுறத்தில் சயனித்திருக்கும் அரங்கநாதர், கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயர் ஆகிய மூவருக்கும் பங்குனியில் தேரோட்டம். அன்று அடிவாரத்து ஊர்களிலிருந்து பேருந்துகள் நிறைந்து செல்கின்றன. செல்வோரிடம் எதற்காகச் செல்கிறீர்கள் என்று வினவினால், 'தேர் பார்க்க' என்றே விடை வரும். தேர் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் பெருமாளும் இருக்கிறார், ராட்டினமும் இருக்கிறது, பொரிகடலையும், வளையல் கடையும், இரவு வாணவேடிக்கையும் இருக்கின்றன.

இங்கேதான் ஒரு வழக்கு எழுகிறது. விழாக் குழுக்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஆண்டுதோறும் எழுகின்ற வழக்கு அது. வயதில் மூத்தவர் ஒருவர் வருந்துவார்: "கூட்டம் கூடுகிறதே தவிர, பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் எத்தனை பேர்? பாதிப் பேர் ராட்டினத்துக்கும் மீதிப் பேர் பாட்டுக் கச்சேரிக்கும் அல்லவா வருகிறார்கள்? இந்த ஆரவாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் என்ன?" இளையவர் ஒருவர் மறுமொழி சொல்வார்: "நிறுத்திவிட்டால் தேர் இழுக்க ஆள் யார் வருவார் ஐயா? கேளிக்கை இருப்பதால்தான் கூட்டம்; கூட்டம் இருப்பதால்தான் திருவிழா."

இருவரும் எதிரெதிர்க் கட்சி பேசுவதாகத் தோன்றும். உண்மையில் இருவரும் ஒன்றையே நம்புகின்றனர். பக்தி ஒன்று, கேளிக்கை வேறொன்று என்பதே அந்த நம்பிக்கை. மூத்தவர் கேளிக்கையைக் களை என்கிறார். இளையவர் அதனைத் தூண்டிலில் கோக்கும் இரை என்கிறார். களை என்றாலும் இரை என்றாலும் அது பயிராகாது. இந்தப் பொது நம்பிக்கை சரிதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மகிழ்ச்சிக் கூட்டங்களை ஐயத்தோடு பார்த்தவர்கள் முன்னும் இருந்தனர். மௌரியப் பேரரசன் அசோகனின் முதலாம் பாறைக் கல்வெட்டு இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் பொறிக்கப்பெற்றது. உயிர்ப்பலியைத் தடுக்கும் அதே சாசனத்தில் 'சமாஜம்' எனப்பட்ட திருவிழாக் கூட்டங்களையும் அவன் தடுக்கிறான். அவற்றில் பல குற்றங்களைக் காண்பதாகக் கூறுகிறான். ஆனால் உடனே, தனக்கு உகந்த சில சமாஜங்களும் உண்டு என்று ஒரு விலக்கும் சேர்க்கிறான். அத்தனை பெரிய அரசனாலும் ஒரேயடியாகத் தடுக்க இயலவில்லை. தடுக்க அவன் விரும்பவும் இல்லை. எது தகும், எது தகாது என்ற வினாவை அவன் தீர்த்துவிட்டுப் போகவில்லை.

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தாரும் வஸந்த காலத்தில் தங்கள் தெய்வமாகிய தியோனிசஸுக்குப் பெருவிழா எடுத்தனர். அத்தெய்வத்தின் திருவுருவை நாடக அரங்கிற்கே எழுந்தருளச் செய்து, அதன் முன்னிலையில் நாடகங்கள் நடத்தினர். அந்நகரத்துத் தத்துவ ஞானி பிளேட்டோ, தமது முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' என்னும் நூலில், உழைப்புக்கென்றே பிறந்த மனிதரிடம் இரங்கித் தெய்வங்கள் ஓய்வாகத் தந்தவையே திருவிழாக்கள் என்றும், அவ்விழாக்களில் தெய்வங்களே உடன் கொண்டாடுவோராக வருகின்றனர் என்றும் கருத்துரைக்கிறார். கடல்கடந்த தேசத்தில் தோன்றிய இக்கருத்து, நம் ஆகமங்களின் கருத்துக்கு எவ்வளவு அணுக்கமாக இருக்கிறது!

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் தன் முதல் அத்தியாயத்தில் ஒரு வரலாறு கூறுகிறது. இந்திரன் முதலிய தேவர்கள் பிரம்மாவை அணுகி, கண்ணாலும் காணத்தக்கதாய், காதாலும் கேட்கத்தக்கதாய், தங்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருள் வேண்டுமென இரந்தனர். நான்கு வேதங்களும் எல்லாருக்கும் எட்டவில்லையாதலின், எல்லா வருணத்தாருக்கும் பொதுவாக ஐந்தாவது வேதம் ஒன்று வேண்டும் என்பதும் அவர்களது விண்ணப்பம். கேட்டது விளையாட்டுப் பொருள், கிடைத்தது வேதம். இரண்டையும் ஒன்றாகவே அந்நூல் பேசுகிறது. எல்லாருக்கும் பொதுவானது என்ற அந்த நிபந்தனையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நலம். பின்னால் அது மீண்டும் வரும்.

வேதாந்தத்திற்கு வருவோம். குறையொன்றுமில்லாத பரம்பொருள் எதற்காக உலகைப் படைத்தான் என்பது பிரம்ம சூத்திரத்தில் எழுப்பப்படும் வினா. தேவை இல்லாதவன் செயல் புரிவானேன்? லீலை ஒன்றே காரணம் என்பது சூத்திரகாரர் தரும் விடை. உடையவர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு ஓர் உவமை காட்டுகிறார். ஏழு தீவுகளையும் ஆளும் வீரமும் வலிமையும் நிறைந்த மாமன்னன் ஒருவன் பந்து விளையாடுகிறான். எதைப் பெறுவதற்காக? எதையும் பெறுவதற்காக அன்று, விளையாட்டுக்காகவே. பரம்பொருளின் படைப்பும் அத்தகையது என்கிறார். எத்தனையோ உயர்ந்த உவமைகள் இருக்க, பாஷ்யகாரர் பந்தாட்டத்தைத் தேர்ந்துகொண்டது சிந்திக்கற்பாலது. விளையாட்டு இழிந்ததென்று கருதியிருப்பாராயின் அதனை ஈசுவரனுக்கு உவமையாக்கியிருப்பாரா?

ஆகவேதான் ஆராதன கிரமத்திலும் கீதம், வாத்தியம், நிருத்தம் ஆகியவை உபசாரங்களாக வைக்கப்பட்டிருக்கின்றன. தூபம் எவ்வாறு பெருமாளுக்கோ, தளிகை எவ்வாறு பெருமாளுக்கோ, அவ்வாறே ஆடலும் பாடலும் பெருமாளுக்கு. சுற்றி நிற்பவர் அவற்றைக் கண்டும் கேட்டும் மகிழ்வது பிறகு.

இன்னும் ஒரு படி மேலே சென்று, பெருமாளே கூத்தில் பாத்திரமாகிவிடுகிற உற்சவமும் உண்டு. திருவரங்கத்தில் பங்குனி உற்சவத்தின்போது நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுகிறார். பின்னர்ப் பங்குனி உத்திரத்தன்று, ரங்கநாயகித் தாயாரின் திருநட்சத்திரத்தில், தாயார் சந்நிதிக்கு வருகிறார். கதவு சாத்தப்படுகிறது! மூவுலகுக்கும் நாயகன் தன் இல்லத்து வாயிலில் நின்று கெஞ்ச வேண்டியதாகிறது. போனது எங்கே, திருமேனியில் இத்தனை அலங்காரம் எப்படி வந்தது, கைக் கணையாழி எங்கே என்றெல்லாம் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம். சமாதானம் எதுவும் எடுபடவில்லை. பூப்பந்துகள் பறக்கின்றன. மட்டையடி என்று மக்கள் வாஞ்சையோடு அழைக்கும் பிரணய கலகம் இதுவே. இறுதியில் நம்மாழ்வார் எழுந்தருளி இருவரையும் சமாதானம் செய்து வைக்கிறார். கூடியிருக்கும் பல்லாயிரம் பேர் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். சிரித்த அதே கண்கள், சற்று நேரத்தில் சேர்த்தி சேவை ஆகும்போது நீர் மல்குகின்றன. எம்பெருமானார் சரணாகதி கத்யத்தை விண்ணப்பம் செய்தது இந்தச் சேர்த்தியின் முன்னிலையில்தான் என்பது சம்பிரதாயம். வைணவ சித்தாந்தத்தின் மிக ஆழ்ந்த சரணாகதி, ஒரு கேலிக் கூத்தின் அடுத்த காட்சியாக நிகழ்ந்திருக்கிறது. முந்தியதை வெறும் வேடிக்கை என்று நீக்கிவிட்டுப் பிந்தியதை மட்டும் வைத்துக்கொள்ள இயலுமா?

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் மற்றொரு வகையைக் காணலாம். வைகாசியில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே வரதராஜப் பெருமாள் கோயில் முன்னர்ப் பாகவத மேளா நடைபெறுகிறது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய நாட்டிய நாடகங்களில் பிரகலாத சரித்திரமே தலையாயது. ஆண்களே பெண் வேடமும் புனைகின்றனர். நரசிம்மர் முகமூடி வழிபாட்டுக்குரியதாகப் போற்றப்படுகிறது. அதனை அணிபவர் விரதம் காக்கிறார். தூண் பிளக்கும் கட்டத்தில் அவருக்கு ஆவேசம் வந்துவிடுவதும், இரணியன் வேடம் தரித்தவருக்குத் தீங்கு நேராவண்ணம் அவரை மற்றவர்கள் பிடித்துக்கொள்வதும் உண்டு. வந்திருப்பவர் பார்ப்பது நாடகமா, பெருமாளையா? பார்ப்பவரைக் கேட்டால், கேள்வியே விளங்கவில்லை என்பது போல் விழிப்பார். நரசிம்மனையே குலதெய்வம் போலக் கொண்டாடும் நாமக்கல் சீமையார்க்கு இது எளிதில் புரியும்.

இவ்வளவும் கூறியதால், திருவிழாவில் நடைபெறும் கேளிக்கை எதுவாயினும் புனிதமே என்று முடிவு கட்டிவிடலாகாது. இளையவரின் கட்சி வென்றது என்றும் ஆகாது. இங்கே வேதாந்தம் ஒரு கூரிய கேள்வியைக் கேட்கிறது: மகிழ்ச்சி நிகழ்கிறது, சரி, அதன் போக்தா யார்? அனுபவிப்பவன் யார்?

ஜீவாத்மா சேஷன், எம்பெருமான் சேஷி. உடைமை மகிழ்வது உடையவனுக்காக. பூர்வாசாரியர்கள் இதில் எவ்வளவு நுணுக்கமாக இருந்தனர் எனில், கைங்கரியம் செய்யும்போது உண்டாகும் ஆனந்தத்தைக்கூடத் தனக்கென்று எண்ணுவது ஒரு மாசு என்றனர். அதற்காக ஆனந்தமே கூடாது என்று அவர்கள் கூறவில்லை. அவன் மகிழ்கிறான், அது கண்டு இவன் மகிழ்கிறான். இந்த வரிசை மாறலாகாது என்றனர். பிரசாதத்தின் தத்துவம் இதுவே. தளிகையில் இருக்கும்போதும் அதே புளியோதரைதான்; அமுது செய்வித்த பின்னும் அதே புளியோதரைதான்; புளியும் உப்பும் மாறவில்லை. ஆயினும் முன்னது உணவு, பின்னது பிரசாதம். கேளிக்கையும் அவ்வாறே பிரசாதமாகக் கூடும்.

அப்படியாயின் ராட்டினத்தை எவ்வாறு நிவேதனம் செய்வது என்று ஒருவர் நகைக்கக் கூடும். நியாயமான நகைப்பே. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவான், செய்வது, உண்பது, கொடுப்பது எதுவாயினும் தனக்கு அர்ப்பணமாகச் செய்யுமாறு அர்ச்சுனனிடம் கூறும்போது, இன்னின்ன செயல்கள் மட்டுமே என்று பட்டியல் தரவில்லை. ஆண்டு முழுதும் மரவள்ளிக் காட்டில் குனிந்து வேலை செய்த ஒரு தாய், தேரன்று தன் குழந்தையை மர ராட்டினத்துக் குதிரைமேல் ஏற்றிவிட்டுக் கீழே நின்று கைதட்டுகிறாள். குழந்தை சுற்றி வரும்போதெல்லாம் தூரத்துத் தேரின் கலசம் அதன் கண்ணில் பட்டுப் பட்டு மறைகிறது. அம்மகிழ்ச்சியில் பெருமாளிடமிருந்து மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. மறைக்க வேண்டுவதில்லாத மகிழ்ச்சி ஏற்கெனவே பாதி நிவேதனம்.

மறைத்தல் என்பதே இங்கு உரைகல். திருவிழாத் திடல்களில் மூலையில் சாக்குத் திரை கட்டி, விளக்கைத் தணித்து, சூதாட்டப் பலகை வைப்பவர்கள் உண்டு. திரை எதற்கு? காவலருக்கு அஞ்சி என்பர். ஆனால் புறப்பாடு அவ்வழியே வரும்போதும் அத்திரையை இறக்கி வைக்கின்றனரே! கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் ஒரு வியப்பு உண்டு. பருவங்களுள் தான் வஸந்தம் என்று கண்ணன் அருளிச்செய்கிறான். அதற்கு அடுத்த சுலோகத்திலேயே, வஞ்சிப்போரிடத்தில் தான் சூது என்கிறான். வஸந்தத்தின் பக்கத்தில் சூது! சூதுக்கு இது அனுமதிச் சீட்டன்று. மனத்தைக் கவர்ந்து இழுக்கும் ஆற்றல் எங்கே இருப்பினும் அது அவனுடையதே என்பது கருத்து. பூத்த மரம் இழுப்பதும் உருளும் காய் இழுப்பதும் ஒரே ஈர்ப்பின் இரு முகங்கள். ஆகவே திருவிழாவுக்கு இழுக்கும் ஆற்றல் இருக்கிறது என்பது மட்டும் அதற்குச் சான்றிதழ் ஆகாது. தருமபுத்திரனையே இழுத்தது அது. இளையவரின் வாதம் விழும் இடம் இது.

இரவு மேடைக்கும் அவ்வுரைகல் பொருந்தும். பல ஊர்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு மேடை போடும்போது அது எத்திசை நோக்கி இருக்கிறது என்று கவனித்தால் பல செய்திகள் விளங்கும். முற்காலத்துக் கூத்து சந்நிதியைப் பார்த்து ஆடப்பட்டது. இக்காலத்து மேடை சில ஊர்களில் சந்நிதிக்கு முதுகு காட்டி நிற்கிறது. நடை சாத்தியான பின்பே நிகழ்ச்சி தொடங்க வேண்டும் என்று விழாக் குழுவே ஏற்பாடு செய்கிறது. பெருமாள் பார்க்கலாகாத ஒன்றைப் பெருமாள் பெயரால் வசூல் செய்த பணத்தில் நடத்துவது எப்படிப்பட்ட கைங்கரியம்? ஆபாசம் கூடாது, சாதியைத் தூண்டும் பாட்டுக் கூடாது என்று உயர்நீதிமன்றம் நிபந்தனை விதித்து அனுமதி தர வேண்டிய நிலைக்கு ஊர்கள் வந்ததே பெரியவர்கள் நாணத்தக்க செய்தி. நீதிமன்றம் சொல்லி அறிய வேண்டியதா இது?

ஒலிபெருக்கியின் கதையும் அத்தகையதே. ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம் என்றும் அவ்விதிகளில் இடம் உண்டு. இதனை மீறுவதில் சினிமாப் பாட்டுக்காரரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. விடியற்காலை நான்கு மணிக்குச் சுப்ரபாதத்தைக் குழாய் ஒலிபெருக்கியில் அலற விட்டு, அடுத்த தெருவில் காய்ச்சலோடு படுத்திருக்கும் கிழவரின் உறக்கத்தைக் கெடுப்பதும் அதே மீறல்தான். பாடல் தெய்விகமானது என்பதால் கிழவரின் தலைவலி குறையாது. கோயிலைச் சேர்ந்தவர்களும் சந்நிதி வாசலில் நிற்பவர்களும் முதலில் தம்மைத் திருத்திக்கொண்டு பிறருக்குச் சொல்வது முறை.

கோயிலார்மீது சொல்ல வேண்டிய குறை இன்னும் உண்டு. நாதமுனிகள் திவ்யப் பிரபந்தத்துக்கு இசை வகுத்து, கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்னும் தம் மருமக்கள் வழியாக அதனைப் பரவச் செய்தார். அந்த மரபில் வந்த அரையர் சேவை, பாட்டும் அபிநயமும் வியாக்கியானமும் கலந்த அரும்பெரும் கலை. குறி சொல்லும் கட்டுவிச்சியாக அரையர் அபிநயிக்கும் முத்துக்குறியைக் கண்டு பாமரனும் பண்டிதனும் ஒருங்கே மகிழ்ந்தனர். அது இன்று திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை எனச் சில தலங்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. நல்ல கேளிக்கையைக் காப்பாற்றாமல் விட்டவர்கள், அவ்விடத்தில் வேறொன்று வந்து அமர்ந்ததென்று முறையிடுவதில் பயன் என்ன? வெற்று மேடை வெற்றாகவே இருப்பதில்லை.

கலைஞரைப் போற்றுவது பற்றிக் கொல்லிமலைக்கே உரிய பழைய சாட்சியம் ஒன்று உண்டு. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய பாட்டுப் புறநானூற்றில் இருக்கிறது. காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்த ஒருவனைப் பாணர் கூட்டம் சந்திக்கிறது; அவன் இன்னான் என்று அறியாமலே இசைத்துப் பாடுகிறது. தலைவனைக் குறிக்கும் சொல் வந்தபோது அவன் நாணித் தலை குனிகிறான். பின்னர்த் தான் வேட்டையாடிய ஊனும் மலைத்தேனும் தந்து, பொன்னும் மணியும் வாரி வழங்குகிறான். இம்மலையின் கேளிக்கை வரலாற்றில் பழைய ஏடு இதுவே எனலாம். அதில் இரண்டு செய்திகள் தெளிவு: கேட்டவன் புகழைத் தனக்கென்று வாரிக்கொள்ளவில்லை, பாடியவரைப் பசியோடு அனுப்பவும் இல்லை. இன்று புறப்பாட்டின் முன்னே நாலு மணி நேரம் தவில் சுமந்து வாசித்தவர், பந்தியில் கடைசியாக அமர வேண்டியிருக்கிற ஊர்கள் எத்தனை! விளம்பரப் பலகையிலோ நன்கொடையாளர் படம் ஆள் உயரம். நாயனக்காரர் பெயர் தேடினாலும் அகப்படாது. அர்ப்பணம் யாருக்கு என்பது அப்பலகையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

எல்லாருக்கும் பொதுவானது என்ற நிபந்தனைக்கு இப்போது வருவது பொருத்தம். உடையவர் மேல்கோட்டையில் திருக்குலத்தார்க்கு உற்சவ காலத்தில் சில நாட்கள் ஆலயப் பிரவேசம் அளித்தார் என்பது அத்தலத்து வரலாறு. வைரமுடி சேவை நடைபெறும் அதே தலம். அதுவும் பங்குனிப் பருவத்துப் பெருவிழாதான். அந்தச் சில நாட்களைப் பெருமையோடு எடுத்துரைக்கும் வைணவ உலகம், மற்ற நாட்களின் கதவு திறக்க ஆலயப் பிரவேசச் சட்டம் வரைக்கும் காத்திருந்ததை மட்டும் மெல்லச் சொல்கிறது. சட்டம் வந்த பின்னும், தேரோ சப்பரமோ இன்ன தெருவுக்குப் போகும், இன்ன தெருவுக்குப் போகாது என்ற வழக்கு பல ஊர்களில் நெடுங்காலம் நீடித்தது. சில இடங்களில் அதன் சுவடு இன்னும் அழியவில்லை. உற்சவ மூர்த்தி ஏற்பட்டதே, கோயிலுக்கு வர இயலாதவரைத் தேடிச் செல்வதற்காக. நோயாளியும் முதியவரும் வாசற்படியில் அமர்ந்தபடியே சேவிக்க வேண்டும் என்று இறங்கி வந்தவனை, தெருமுனையில் திருப்பிக் கொண்டுபோவது யாருடைய அதிகாரம்? ராட்டினத்தின் முன் இத்தகைய கேள்வியே எழுவதில்லை. காசு கொடுத்த எந்தக் குழந்தையையும் ராட்டினக்காரர் ஏற்றிக்கொள்கிறார். இந்த ஒரு வகையில் ராட்டினம் சில தேர்களைவிட ஆகமத்துக்கு அணுக்கமாக இருந்துவிட்டது என்று சொல்ல நேர்வது கசப்பானதே, ஆயினும் உண்மை. மூத்தவரின் வாதம் விழும் இடம் இது.

2020-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. அவ்வாண்டின் பங்குனி உத்திரம் அதற்குள் அகப்பட்டது. ஆலயங்களில் நித்திய ஆராதனம் நிற்கவில்லை. அர்ச்சகர்கள் உள்ளே சென்று திருவாராதனம் செய்து தளிகை சமர்ப்பித்து வந்தனர். பக்தர்களுக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டிருந்தது. மதுரையில் சித்திரை வந்தது. கள்ளழகர் வைகையில் இறங்கவில்லை. துருத்தியில் தண்ணீர் நிறைத்துப் பீய்ச்சுவோரும் இல்லை. கள்ளர் வேடமிட்டு ஆடுவோரும் இல்லை. சாஸ்திர நோக்கில் பார்த்தால் பெருமாளுக்கு எக்குறையும் நேரவில்லை. ஆனால் ஜனங்கள் ஒருமுகமாகச் சொன்னது, 'இந்த வருஷம் திருவிழா நடக்கவில்லை' என்பதே. அவர்கள் சொன்னது அறியாமை அன்று. அர்ச்சாவதாரத்தின் உயிர்நிலை சௌலப்யம், எளிமை. பார்க்கப்படுவதற்காக வந்தவன் பார்க்கப்படவில்லை. லீலைக்குத் துணை இல்லை. தனியே பந்தாடிய அரசனாக அவ்வாண்டு அவன் உள்ளே இருந்தான் என்று ஒரு முதியவள் கண்ணீர் விட்டால், வேதாந்தி அவளைத் திருத்தத் துணியமாட்டான்.

அதற்குப் பின் தேர்கள் மீண்டும் ஓடுகின்றன. கூட்டம் முன்னிலும் பெரிது. இரைச்சலும் முன்னிலும் பெரிது. மூத்தவரும் இளையவரும் பழைய வழக்கை விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டனர். ஒரு வேண்டுகோள் மட்டும் விழாக் குழுக்கள் முன் வைக்கத்தக்கது: வருகிற ஆண்டு மேடையைச் சந்நிதி நோக்கித் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு அதிகச் செலவு இல்லை. இரவு பத்து மணி வரை நடை திறந்திருக்கட்டும். பெருமாள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். மேடையில் எது ஏறும், எது தானே இறங்கிக்கொள்ளும் என்பதற்குத் தனியாகத் தீர்மானம் எழுத வேண்டிவராது.

தேர் நிலை சேர்ந்த இரவில் நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குத் திரும்பும் பேருந்து காளப்பநாயக்கன்பட்டியில் நின்று பாதிப் பேரை இறக்கிவிடுகிறது. மீதிப் பேர் மலைமக்கள். காரவள்ளிக்கு அப்பால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டியவர்கள். முன் இருக்கையில் ஒரு பாட்டியின் மடியில் பேரன் உறங்குகிறான். ஒரு கையில் காற்று இறங்கிய பலூன். மறு கையின் உள்ளங்கையில் தேர்வடத்தின் நார் உராய்ந்த சிவப்பு. எது பக்தி, எது கேளிக்கை என்று அவனை எழுப்பிக் கேட்பார் யாரும் அந்தப் பேருந்தில் இல்லை. வளைவு தோறும் வண்டி சாயும்போது, பாட்டி அந்த இரு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறாள்.